வென்றதும் பாதி, தோற்றதும் பாதி: ஓர் இணையவழித் தேர்தல் சேவை பற்றிய மதிப்பீடு

இணையவழித் தேர்தல் சேவைகளைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகின்றன: வாக்களிப்பது எளிதாக இருந்ததா, ரகசியம் காக்கப்பட்டதா, எண்ணிக்கை பிழையின்றி வந்ததா. பெரிய அமைப்புகளுக்கு இவை போதும். எல்லோரும் எல்லோரையும் முகம் தெரிந்து பழகும் சிறு சங்கத்துக்கு இவற்றைவிட முக்கியமான நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. முடிவு வெளியான பிறகு, வென்றவரும் தோற்றவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த கூட்டத்தின் வேலையைப் பார்க்க அந்தச் சேவை உதவுகிறதா, இல்லை இடைஞ்சல் செய்கிறதா? எங்கள் சங்கத்தின் தேர்தலை நடத்திக் கொடுத்த சேவையை இந்தக் கேள்வியை வைத்தே அளக்கிறேன். தேர்தல் குழுவில் இருந்து அதன் நிர்வாகப் பக்கத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை கையாண்ட அனுபவத்தில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய சேவைகள் பலவும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், குறைகளை ஒரு பெயரின் மேல் மட்டும் சுமத்துவது முறையாகாது.

முதலில், தேர்தல் எந்தச் சூழலில் நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சேமநிதியை எடுத்துப் பொதுக் கூடத்தை விரிவாக்க வேண்டும் என்பது ஒரு தரப்பின் கருத்து. நிதியில் கைவைக்கக் கூடாது, பழுதுகளைச் சரிசெய்தால் போதும் என்பது மறுதரப்பின் கருத்து. பதிவான செல்லத்தக்க வாக்குகள் 160. தலைவர், பொருளாளர், ஏழு செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதோடு, சேமநிதியைச் செலவிடுவதற்கு வழிவிடும் துணைவிதித் திருத்தம் ஒன்றும் வாக்குக்கு வந்தது. தலைவராக விரிவாக்கத் தரப்பினர் வந்தார். பொருளாளராகச் சேமிப்புத் தரப்பினர் வந்தார். செயற்குழு நான்குக்கு மூன்று என்று விரிவாக்கத் தரப்பின் பக்கம் சாய்ந்தது. திருத்தத்துக்கு 98 பேர் ஆதரவும் 62 பேர் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 107 வாக்குகள், தேவை என்பதால் அது வீழ்ந்தது.

தெளிவான தோல்வி ஒரு வகையில் எளிது. தோற்றவருக்குத் தாம் தோற்றது தெரியும். சில காலம் மனம் சலித்திருந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். கலப்பான முடிவில் இரு தரப்பும் தாமே வென்றதாக வாதிட முடியும், அதே மூச்சில் தமக்கு அநீதி நடந்ததாகவும் வாதிட முடியும். தலைவர் பதவியும் செயற்குழுப் பெரும்பான்மையும் எங்களுடையவை, 98 பேர் திருத்தத்தை ஆதரித்திருக்கிறார்கள், பிறகு எதற்குத் தயக்கம் என்று ஒரு தரப்பு கேட்கும். பணப்பெட்டிக்கு எங்களைத்தான் காவல் வைத்திருக்கிறார்கள், திருத்தமும் விழுந்துவிட்டது, இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும் என்று மற்றது கேட்கும். இந்த நிலையில் முடிவு எந்த வடிவத்தில் மக்கள் கண்ணில் படுகிறது என்பது மிகப்பெரிய விஷயமாகிவிடுகிறது. நான் பயன்படுத்திய சேவை சறுக்கியதும் இங்கேதான், எதிர்பாராத விதமாகக் கைகொடுத்ததும் இங்கேதான்.

சறுக்கலை முதலில் சொல்கிறேன். வாக்குப்பதிவு முடியும் நொடியிலேயே முடிவை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடும்படி இந்தச் சேவை இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. போட்டியிட்டவர் தம் தோல்வியை மற்ற 159 பேரோடு சேர்ந்து அதே நொடியில் அறிந்துகொள்வார் என்பதே இதன் பொருள். இதை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. சேவையின் அமைப்புத் தெரிவுகளில் (settings) மூன்றாம் அடுக்கில் ‘அறிவிப்பு நேரம்’ என்ற தலைப்பின் கீழ் அது ஒளிந்திருக்கிறது. நாங்கள் அதைத் தேடிப்பிடித்து, உடனடி அறிவிப்பை அணைத்துவிட்டு, வேட்பாளர்கள் எல்லோரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பின்பே பக்கத்தைத் திறந்துவிட்டோம். இந்த ஒரு செயலுக்கு உறுப்பினர்களிடமிருந்து கிடைத்த நல்ல பெயர், சேவையின் மற்ற எல்லா நுட்பங்களுக்கும் சேர்த்துக்கூடக் கிடைக்கவில்லை. சிறு அமைப்புகளை மனத்தில் வைத்து உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சேவை, இதை முதல் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

முடிவுப் பக்கத்தைப் பற்றி எனக்கு அதைவிடக் கடுமையான கருத்து உண்டு. பக்கம் திறந்ததும் வண்ணக் காகிதத் துணுக்குகள் திரையின் மேலிருந்து கொட்டுகின்றன. ‘வாழ்த்துகள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி மின்னுகிறது. யார் திறந்தாலும் இதேதான். தோற்றவர் திறந்தாலும் இதேதான். அதற்குக் கீழே வென்றவர் பெயர்களுக்கு எதிரே பச்சை நிறச் சரிக்குறியும், மற்றவர் பெயர்களுக்கு எதிரே சிவப்புப் பெருக்கல் குறியும் இருக்கின்றன. பள்ளித் தேர்வு முடிவைச் சுவரில் ஒட்டியது போன்ற இந்தத் தோற்றத்தை மாற்ற வழியே இல்லை. சங்கத்துக்காகத் தம் ஓய்வு நேரத்தைக் கொடுக்க முன்வந்த ஒருவரின் பெயருக்கு எதிரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு அனைவருக்கும் காட்டுவதை வடிவமைப்பு என்று சொல்லிவிட முடியாது.

திருத்தம் பற்றிய படம் இன்னும் மோசம். 61.25 விழுக்காடு என்ற நீளமான பச்சைப் பட்டை, 38.75 விழுக்காடு என்ற குட்டையான சாம்பல் பட்டை, இரண்டுக்கும் மேலே ‘தோல்வி’ என்ற சிவப்பு முத்திரை. 98 எப்படி 62-இடம் தோற்கும் என்று அன்றைக்கே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. எந்த அளவைத் தொட்டால் நிறைவேறும் என்பதைக் காட்ட 107-இல் ஒரு கோடு வரைந்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். துணைவிதி என்பது அவ்வப்போது வரும் பெரும்பான்மைகளிடமிருந்து எல்லோரையும் காக்கும் வேலி. அதை மாற்றுவதற்குக் கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்பது இரு தரப்பும் முன்பே ஏற்றுக்கொண்ட விதி. அந்த விதியின் அளவு படத்திலேயே இல்லாதபோது, பார்ப்பவர் கண்ணுக்கு அது ஏதோ சூழ்ச்சி போலத்தான் தெரியும்.

விதியே கலப்பான முடிவைத் தருவதும், அதனால் சமூகம் பிளவுபடுவதும் புதிதல்ல. பெரிய அளவில் இதைப் பட்டறிந்த சிறு நாடு மால்டா. 1981 தேர்தலில் அங்கே தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. ஆனால் தொகுதிக் கணக்கில் அதற்குக் கிடைத்தவை 31 இடங்கள். குறைந்த வாக்குகளைப் பெற்ற தொழிலாளர் கட்சிக்கு 34 இடங்கள் கிடைத்து, அதுவே ஆட்சியில் தொடர்ந்தது. எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தது. நாடு நெடுங்காலம் கொந்தளிப்பில் இருந்தது. தீர்வு 1987-இல் அரசமைப்புத் திருத்தமாக வந்தது: வாக்குகளில் பெரும்பான்மை பெறும் கட்சிக்கு, இடங்களிலும் பெரும்பான்மை கிடைக்கும் அளவுக்குக் கூடுதல் இடங்கள் தரப்படும். இதற்கு ஆளுங்கட்சி சும்மா இணங்கிவிடவில்லை. அது விரும்பிய நடுநிலைக் கொள்கை அதே திருத்தத்தில் அரசமைப்புக்குள் ஏறியது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் வாக்குகள் மீண்டும் அதே விதத்தில் விழுந்தன, 31-க்கு 34 என்ற அதே இடக்கணக்கும் வந்தது. புதிய விதிப்படி தேசியக் கட்சிக்கு நான்கு இடங்கள் கூடுதலாகத் தரப்பட, 35-க்கு 34 என்று ஆட்சி கைமாறியது. தோற்கப்போகும் சாத்தியம் தெரிந்தே ஆளுங்கட்சி அந்த விதிக்கு வாக்களித்திருந்தது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. எங்கள் சங்கத்தில் 107 என்ற அளவைக் குறைக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, அதை அடுத்த தேர்தலுக்கு முன் இரு தரப்பும் சேர்ந்து பேசலாம், இந்தத் தேர்தலுக்குப் பின்தேதியிட்டுப் பேசக் கூடாது என்று சொல்ல இந்த வரலாறு உதவியது.

இனி, கைகொடுத்த இடத்துக்கு வருகிறேன். செயற்குழுவின் ஏழு இடங்களுக்கும் விருப்ப வரிசை முறையில், அதாவது ஒற்றை மாற்று வாக்கு முறையில், தேர்தல் நடந்தது. 1850-களில் டென்மார்க்கில் கார்ல் ஆந்த்ரேயும் இங்கிலாந்தில் தாமஸ் ஹேரும் தனித்தனியே வகுத்த முறை இது. அயர்லாந்திலும் மால்டாவிலும் நாடாளுமன்றத்தையே இதில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்துகிறார். வெற்றிக்கு வேண்டிய அளவை ஹென்றி ட்ரூப் 1868-இல் தந்த கணக்கின்படி எடுக்கிறார்கள்: 160 வாக்குகளை, ஏழு இடங்களோடு ஒன்று கூட்டி எட்டால் வகுத்தால் 20, அதோடு ஒன்று சேர்த்தால் 21. எட்டுப் பேர் 21 பெற வேண்டுமானால் 168 வாக்குகள் வேண்டும். ஆகவே ஏழு பேருக்கு மேல் அந்த அளவை எட்ட முடியாது. 21-க்கு மேல் பெற்றவரின் உபரி வாக்குகளும், கடைசியில் நின்று நீக்கப்படுபவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாறிச் செல்கின்றன.

இந்த மாற்றங்களைச் சுற்று சுற்றாகக் காட்டும் அட்டவணை ஒன்றைச் சேவை தயாரிக்கிறது. முடிவுப் பக்கத்தின் அடியில் ‘தொழில்நுட்ப விவரங்கள்’ என்ற பெயரில், யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு வைத்தது போல அது இருக்கிறது. என் பார்வையில் இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி அதுதான். ஒரு சுற்றில், 11 வாக்குகளோடு நின்ற சேமிப்புத் தரப்பு வேட்பாளர் ஒருவர் நீக்கப்படுகிறார். அவர் வாக்குகள் அனைத்தும் அவர் தரப்புக்கே போகும் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். அட்டவணையில் பார்த்தால், ஆறு வாக்குகள் விரிவாக்கத் தரப்பு வேட்பாளர் ஒருவருக்குப் போயிருக்கின்றன. நான்கு மட்டுமே சொந்தத் தரப்புக்கு. ஒருவர் மேற்கொண்டு விருப்பம் எதுவும் குறிக்கவில்லை. வேறு சுற்றுகளில் எதிர்த்திசையிலும் இதே போக்கு. ஒவ்வொரு வாக்குச்சீட்டின் விருப்ப வரிசையும் பெயரில்லாமல் உள்ள முழு வாக்குக் கோப்பை எடுத்துப் பார்த்தபோது, 160 பேரில் 91 பேர் தம் முதல் மூன்று விருப்பங்களுக்குள்ளேயே இரு தரப்பு வேட்பாளர்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

சுற்று அட்டவணையையும் இந்த எண்ணிக்கையையும் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. ‘அவர்கள் ஆட்கள்’, ‘நம் ஆட்கள்’ என்று எண்ணிக்கொண்டிருந்த அணிகள், வாக்காளர் மனத்தில் அவ்வளவு இறுக்கமாக இல்லை என்பது எண்களில் தெரிந்தது. கூடத்தை விரிவாக்க விரும்பிய பலர், கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஒருவரும் உள்ளே இருக்க வேண்டும் என்று விரும்பியிருந்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘சமநிலைதான் வேண்டும் என்று மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்’ என்று தலைவர் தம் முதல் உரையில் சொன்னபோது நான் மனத்துக்குள் மறுத்தேன். நான்குக்கு மூன்று என்று யாரும் வாக்களிக்கவில்லை. அப்படி ஒரு வரியே வாக்குச்சீட்டில் கிடையாது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தினார்கள், விதி அதைக் கூட்டி ஒரு முடிவைத் தந்தது. கூட்டுத்தொகைக்கு மனமும் நோக்கமும் கற்பிப்பது அரசியல்வாதிகளுக்குப் பழக்கமானது; சிறு சங்கத்தில் அதைச் செய்யத் தொடங்கினால், அடுத்த தரப்பும் தனக்கேற்ற ஒரு நோக்கத்தைக் கற்பிக்கும்.

ஏழாவது இடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றில் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள், தரப்புக்கு ஒருவராக, இருவரும் சரியாக 15 வாக்குகளில். யார் உள்ளே வருகிறாரோ அதைப் பொறுத்தே செயற்குழுவின் பெரும்பான்மை. மென்பொருள் தனக்குள்ளேயே ஓர் எழுந்தமான எண்ணை எடுத்து, நொடியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அட்டவணையில் ‘சமன் தீர்க்கப்பட்டது’ என்று இரண்டு சொற்களில் முடித்துவிட்டது. வெளியே போன சேமிப்புத் தரப்பு வேட்பாளர் எங்களிடம் சொன்ன வாக்கியம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது: ‘குலுக்கலில் தோற்பது எனக்குச் சம்மதம்தான். குலுக்கினதை ஒருத்தருமே பார்க்கவில்லை என்பதுதான் சம்மதமில்லை.’

அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலப் பேரவைக்கு 2017-இல் நடந்த தேர்தலில், 94ஆம் தொகுதியின் இரு வேட்பாளர்களும் 11,608 வாக்குகள் வீதம் சமமாக நின்றார்கள். 2018 ஜனவரி 4 அன்று, இருவர் பெயரையும் எழுதிய சீட்டுகளைப் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு கிண்ணத்தில் கலந்து, செய்தியாளர்கள் பார்த்திருக்க ஒன்றை எடுத்தார்கள். அந்த ஒரு டப்பாவால் பேரவையில் 51-க்கு 49 என்ற பெரும்பான்மை முடிவானது. தோற்றவர் சில நாள்களில் முடிவை ஏற்றுக்கொண்டார். 2019 தேர்தலில் அதே தொகுதியில் வென்றும் காட்டினார். டப்பாவும் கிண்ணமும் மென்பொருளின் எண்ணைவிட நியாயமானவை அல்ல, வாய்ப்பு இரண்டிலும் பாதிக்குப் பாதிதான். ஆனால் கிண்ணத்துக்குள் கை போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

எங்கள் விவகாரத்தில் ஒரு வழி பிறந்தது. விருப்ப வரிசைத் தேர்தலுக்கான விதித்தொகுப்புகள் பலவற்றில், சமன் ஏற்பட்டால் உடனே குலுக்கலுக்குப் போகாமல், முந்தைய சுற்றுகளில் யார் முன்னே இருந்தார் என்று பின்னோக்கிப் பார்க்கச் சொல்வார்கள். இந்தச் சேவை அதைச் செய்வதில்லை. செய்வதில்லை என்பதை உதவிப் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லியும் இருக்கிறது. தரப்புக்கு ஒருவராக இருவரை உட்கார வைத்து, வாக்குக் கோப்பை விரிதாளில் இட்டு, முதல் சுற்றிலிருந்து கையால் கணக்கிட்டுப் பார்த்தோம். சேமிப்புத் தரப்பின் சார்பில் உட்கார்ந்தவர் அந்த வேட்பாளரேதான். சேவையின் எண்ணிக்கை ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. கடைசிக்கு முந்தைய சுற்றில் மற்றவர் இவரைவிட ஒரு வாக்கு முன்னே இருந்தது கணக்கில் வந்தபோது, பின்னோக்கிப் பார்க்கும் விதி இருந்திருந்தாலும் முடிவு இதுவேதான் என்பதை அவரே உரக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஏழாவது இடம் பற்றிச் சங்கத்தில் சண்டை இல்லை. வாக்குக் கோப்பை முழுமையாகத் தரவிறக்கிக்கொள்ள இந்தச் சேவை இடம் கொடுத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது என்பதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். மூடிய பெட்டியாக வேலை செய்யும் சேவைகளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சிறு சங்கங்கள் எடுக்க வேண்டாம்.

அதே கோப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. செயற்குழுவுக்கு நின்ற 15 வேட்பாளர்களை முழுமையாக வரிசைப்படுத்தும் வழிகள் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் கோடிக்கும் மேல். ஆகவே, கீழ் வரிசைகளை இன்னின்னபடி எழுது என்று ஒருவரிடம் சொல்லி வைத்தால், கோப்பில் அந்த வரிசையைத் தேடி அவர் சொன்னபடி வாக்களித்தாரா என்று கண்டுபிடித்துவிட முடியும். அதனால் கோப்பைப் பொதுவில் வைக்கவில்லை. கணக்குப் பார்த்த இருவருக்கும் தேர்தல் குழுவுக்கும் மட்டுமே அது கிடைத்தது. பகுதிவாரியாக முடிவைக் காட்டும் இன்னொரு வசதியும் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. ஆறு பேர் மட்டும் உள்ள ஒரு பகுதியில் ஆறு வாக்குகளும் ஒருவருக்கே விழுந்தால், அங்கே ரகசிய வாக்கு என்று எதுவும் மிஞ்சாது. முன்னோட்டத்தில் அதைக் கண்டதும் அணைத்துவிட்டோம். ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கும் அமைப்புக்குப் பயன்படும் வசதி, சிறு சங்கத்தில் காட்டிக்கொடுக்கும் வசதியாகிவிடுகிறது.

நான் எவ்வகையிலும் ஏற்காத வசதி ஒன்று உண்டு. அதற்கு ‘முறை ஒப்பீடு’ என்று பெயர். தேர்தல் முடிந்த பின், பதிவான அதே வாக்குகளை வேறு வாக்குமுறைகளின்படி எண்ணினால் யார் வென்றிருப்பார் என்று ஒரு பொத்தானில் காட்டுகிறது. பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் கணித அறிஞர் போர்தா 1770-இல் வரிசைக்கேற்பப் புள்ளி தரும் தம் முறையை முன்வைத்ததிலிருந்து, இன்னொரு பிரெஞ்சு கணித அறிஞர் கொந்தோர்சே 1785-இல் பெரும்பான்மை விருப்பங்களே ஒன்றையொன்று சுற்றி வரக்கூடும் (அ-வை ஆ-வும், ஆ-வை இ-யும், இ-யை அ-வும் வெல்லலாம்) என்று காட்டியதிலிருந்து, எந்த முறை சிறந்தது என்ற விவாதம் ஓயவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் போட்டியிடும்போது, நியாயமானவை என்று தோன்றும் சில நிபந்தனைகள் அனைத்தையும் எந்த வரிசை முறையாலும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று 1951-இல் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ நிறுவினார். எனவே, பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் தமக்குச் சாதகமான முறை ஒன்று பலருக்கும் அகப்படக்கூடும். முறை வேறாக இருந்திருந்தால் மக்கள் வாக்களித்த விதமும் வேறாக இருந்திருக்கும் என்பதால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளும் இல்லை. விதியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், மாதிரி வாக்குகளைக் கொண்டு விளக்குவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. முடிவு வந்த பின் அது தேவையற்ற தீப்பெட்டி. வாக்குப்பதிவு தொடங்கியதும் இது தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

தேர்தலுக்குப் பிந்தைய ‘மனநிறைவுக் கருத்தாய்வு’ என்ற படிவத்தையும் சேவை அனுப்பி வைக்கிறது. எங்கள் ஆய்வில் வென்ற வேட்பாளர்களை ஆதரித்தவர்கள் மனநிறைவோடும், மற்றவர்கள் மனக்குறையோடும் இருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கப் படிவம் எதற்கு? கிறிஸ்டபர் ஆண்டர்சனும் கிறிஸ்டீன் கில்லரியும் ஐரோப்பிய மக்களாட்சிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரை இதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்கிறது. தோற்றவர்களின் மனக்குறை எங்கும் உண்டு; ஆனால் தோற்றவர்களுக்கும் முடிவெடுப்பதில் பங்கு தரும் அமைப்பு உள்ள நாடுகளில், வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான அந்த இடைவெளி குறுகுகிறது. படிவத்தில் கேட்டிருக்க வேண்டியது, ‘நீங்கள் ஆதரித்தவர் வராவிட்டாலும் உங்கள் கருத்தைச் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறதா’ என்பதை. அதற்கான பதிலைச் சேவையால் தர முடியாது, சங்கம்தான் தர வேண்டும். எங்கள் செயற்குழு, கூட விரிவாக்கத் திட்டத்தைச் சேமநிதியைத் தொடாமல் செய்யக்கூடிய முதல் கட்டமாகச் சுருக்கி, அதன் செலவுக் கணிப்பைத் தயாரிக்கும் பொறுப்பைச் சேமிப்புத் தரப்பின் மூவரில் ஒருவரிடமே கொடுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சமரசம் போலத் தோன்றலாம். அந்த மூவரின் கையெழுத்தில்லாமல் அடுத்த முறை 107-ஐத் தொட முடியாது என்ற கணக்கும் அதில் உண்டு.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. வாக்களித்ததும் ஒரு சரிபார்ப்பு எண் கிடைக்கிறது. அதைக் கொண்டு தம் வாக்கு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். வாக்குப் பெட்டியின் மறைக்குறியீட்டுச் சாவியைப் பொறுப்பாளர்கள் பலரிடம் பிரித்துத் தரும் ஏற்பாடும் உண்டு. மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைக்காமல், மூவரில் இருவர் போதும் என்று வையுங்கள். பன்னாட்டு மறைக்குறியீட்டியல் ஆய்வுச் சங்கம் 2025-இல் நடத்திய தேர்தலில், பொறுப்பாளர் மூவரில் ஒருவர் தம் சாவியைத் தொலைத்துவிட்டதால் முடிவையே திறக்க முடியாமல் போய், தேர்தலை மறுபடி நடத்தினார்கள். அதன் பிறகுதான் இருவர் போதும் என்று மாற்றினார்கள். உலகின் மறைக்குறியீட்டு வல்லுநர்களுக்கே அந்தக் கதி என்றால், நம் சங்கச் செயலாளரின் மேசை இழுப்பறையை நம்ப வேண்டாம்.

வாடிக்கையாளர் உதவி தாமதமானது, ஆனால் நேர்மையானது. வண்ணக் காகிதத் துணுக்குகளை நிறுத்த வழியில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். சமன் ஏற்பட்டால் நேரில் குலுக்கி அதன் முடிவைப் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, வாக்குப்பதிவு தொடங்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொண்டால் எண்ணிக்கையை அந்த இடத்தில் நிறுத்தி வைக்க முடியும் என்று பதில் வந்தது. அவர்களின் விளம்பரப் பக்கத்தில் இல்லாத இந்தத் தகவல் சிறு சங்கங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

எண்ணிக்கைக்கும் திறந்த கோப்புக்கும் முழு மதிப்பெண் தருகிறேன். முடிவை அறிவிக்கும் விதத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண்கூடத் தர மனமில்லை. அடுத்த தேர்தலுக்கும் இதே சேவையைத்தான் எடுக்கப் போகிறோம், ஆனால் முடிவுப் பக்கத்தை உறுப்பினர்களுக்குத் திறந்துவிடப் போவதில்லை. சுற்று அட்டவணையையும், திருத்தங்களுக்குத் தேவையான அளவையும் சேர்த்து ஒரே தாளில் நாங்களே அச்சிட்டு ஒட்டுவோம். சமன் வந்தால் என்ன செய்வது என்பது தேர்தல் அறிவிப்பிலேயே இருக்கும். வாக்குக் கோப்பை ஆட்சேபக் காலம் முடியும் வரை தேர்தல் குழுவே வைத்திருந்து, அது முடிந்ததும் இரு தரப்பின் முன்னிலையில் அழித்துவிடும்.